உரியவர் மட்டும் பிரிக்கவும்

அழைப்பு மணியை நான் ஒரு தடவைக்கு மேல் அடிப்பதில்லை. இரண்டாம் தடவை அடித்தால் உள்ளே இருப்பவருக்கு எரிச்சல் வரும்; மூன்றாம் தடவை அடித்தால் நமக்கே வந்துவிடும். ஒரே ஒரு முறை அடித்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பேன். கதவிலுள்ள துளை வழியாகப் பார்ப்பவருக்கு என் முழு உருவமும் தெரிய வேண்டும் அல்லவா? இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அவர்களும் மெதுவாகத்தான் சாத்தியிருக்கிறார்கள்.

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருப்பதை வரும்போது பார்த்தேன். கதவை நன்றாகச் சாத்திவிட்டீர்கள் என்றால் தொடங்குகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது, அதைச் சரிசெய்துவிடலாம். நான் வசூல்காரன் இல்லை. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்கள் தவணை கட்டாமல் விட்டால், அந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவரக் கடன் கொடுத்த நிறுவனம் ஒருவரை அனுப்பும். அந்த ஒருவன்தான் நான். மீட்டர் ஓடுகிறதா, கொடியில் துணி காய்கிறதா, குப்பைக்கூடையில் இருப்பது பழைய குப்பையா புதுக் குப்பையா, வாசற்படியில் தூசி எந்த அளவு என்று பார்ப்பேன். படம் எடுப்பேன். கடைசியில் கைப்பேசியில் மூன்று கட்டங்கள் வரும்: குடியிருப்பு, காலி, தெரியவில்லை. ஒன்றைத் தொட வேண்டும். ‘தெரியவில்லை’யை நான் தொட்டதே கிடையாது. பார்த்துவரச் சொன்ன இடத்தில் தெரியவில்லை என்று வந்து நிற்பவனுக்குச் சம்பளம் எதற்கு?

கிளம்பும்போது ஒரு நோட்டீஸ் வைத்துவிட்டு வர வேண்டும். வெள்ளை உறை, ஒட்டியது. வெளியே நிறுவனத்தின் பெயர் இருக்காது. ‘உரியவர் மட்டும் பிரிக்கவும்’ என்று மட்டும் அச்சடித்திருக்கும். உள்ளே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று இரண்டு வரி. அக்கம்பக்கத்தில் கடன் என்ற சொல்லையே நாங்கள் வாயால் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் “என்ன விஷயம்?” என்று மூக்கை நுழைத்தால், சும்மா ஒரு சர்வே என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இந்த ரகசியம் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு தெருவில் யார் யார் வீடு ஆட்டம் காண்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தத் தெருவுக்கே தெரியாது.

நான் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தான் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால், “என்ன மாப்ள, இன்னைக்கு எத்தனை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்த?” என்பார். நான் காலி செய்வதில்லை, காலியாக இருப்பதைக் குறிக்கிறேன், அவ்வளவுதான் என்று ஒவ்வொரு முறையும் திருத்துவேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவர்கள் நல்லவர்கள். இதில் அவர்களை இழுக்க வேண்டாம்.

அந்த வீடு தெருவின் கடைசியில் இருந்தது. எதிரே மர அறுவை மில். பகலெல்லாம் ரம்பம் கத்திக்கொண்டே இருக்கும், எதிரெதிரே நின்று பேசினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கம் ஒரு கிடங்கின் பின்சுவர். சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. மில் இடைவேளை விட்ட சமயமாகப் பார்த்து மணியை அடித்தேன். உள்ளே ஏதோ உலோகம் தரையில் ஊன்றி ஊன்றி நெருங்கி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

“யாரு?”

“ஆபீஸ்லேர்ந்து வர்றேங்க. வீட்டுக்காரரைப் பாக்கணும்.”

“வீட்ல யாரும் இல்லைங்க.”

“நீங்க இருக்கீங்களேம்மா.”

“யாரும் இல்லைங்க. அவர் வெளியூர்ல வேலைக்குப் போயிருக்காரு. வந்தப்புறம் வாங்க.”

நீங்கள் சிரிப்பது தெரிகிறது, சார். எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். வீட்டு ஆம்பளை இல்லையென்றால் யாரும் இல்லை. என் அக்காவே கையில் கரண்டியோடு நின்றுகொண்டு இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது பொய் இல்லை, ஒரு பேச்சுவழக்கு. எனக்கு அது தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

கதவுக்கடியில் உறையைத் தள்ளினேன். நான் நிமிர்வதற்குள் அது அப்படியே வெளியே வந்து என் ஷூவில் மோதியது. பிரிக்கவில்லை. யாருக்கு வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. கால் முடியாதவர்கள் பிடித்து நடக்கும் வாக்கர் ஊன்றும் சத்தம் உள்ளே திரும்பிப் போனது.

எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. வண்டியில் வந்து உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தேன். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் யாரும் இல்லை என்றார். வீட்டில் இருப்பவர் சொல்வதை விட எனக்கு என்ன சாட்சி வேண்டும்? ‘காலி’யைத் தொட்டேன். ஒரு குறும்புதான். மாலையில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மாலையில் பார்த்தால் அது ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. இனி மாற்ற வேண்டும் என்றால் மேலாளர் முன்னால் போய் நின்று, நான் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் குறித்த ஒரு வீடு தவறிப் போனதில்லை. வட்டார மேற்பார்வையாளர் பதவிக்கு என் பெயர் வேறு மேலே போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு குறும்புக்காக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதா? நீங்களும் ஒரு பதவிக்குக் காத்திருந்தவராகத்தான் இருப்பீர்கள்.

காலி என்று குறித்த வீட்டை மறுபடி பார்த்துப் படங்களோடு உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. நான் போனபோது கொடியில் இரண்டு புடவைகள் காய்ந்தன, சமையலறையில் விளக்கு, மீட்டர் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு படத்தை எப்படி அனுப்புவது? அதனால் அச்சடித்த தாளை எடுத்துவிட்டு, உறைக்குள் என் கையால் எழுதி வைத்தேன். அம்மா, அன்று வந்தவன்தான் எழுதுகிறேன். ஆபீசுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தால் வெளியேற்ற ஆட்களை அனுப்புவார்கள். உங்கள் கணவர் வரும்வரை துணியை உள்ளே காயப்போடுங்கள், தெருவுக்குத் தெரியும் விளக்கைப் போடாதீர்கள். இவ்வளவுதான். மேலே ‘உரியவர் மட்டும் பிரிக்கவும்’ என்று இருந்தது பொருத்தமாகவே இருந்தது. இது அவருக்கு மட்டும் உரியது, வேறு யாருக்கும் உரியதில்லை.

அந்த உறை திரும்பி வரவில்லை.

அடுத்த முறை போனபோது கொடி வெறுமையாக இருந்தது. திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. எனக்கு உண்டான சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் சொல்வதை யாரும் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை, சார். அக்கா தலையாட்டுவாள், செய்ய மாட்டாள். அத்தான் தலையும் ஆட்ட மாட்டார். இங்கே முகம் தெரியாத ஒரு பெண், நான் எழுதிய நாலு வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். மீட்டர் மட்டும் லேசாக ஓடியது. ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள் என்று எழுதினேன். அணைத்துவிட்டார். பாலை நிறுத்துங்கள் என்றேன். நின்றது.

எனக்குச் சந்தேகமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை இவர் என்னை வைத்து விளையாடுகிறாரோ, என் உறைகளையெல்லாம் சேர்த்துவைத்துக் கணவர் வந்ததும் ஆபீசில் கொண்டுபோய்க் கொட்டுவாரோ என்று தோன்றும். வாக்கர் சத்தம்கூட நடிப்பாக இருக்கலாமே? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மில்லின் மரக்குவியல் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நாள் திரை லேசாக விலகியது. நாற்பது நாற்பத்தைந்து வயது முகம். தெருவை இடமும் வலமும் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார். அவரும் யாரையோ சந்தேகப்பட்டார். அது நானாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மில் மூடிய பிறகு கதவருகே போனேன். அவரே பேசினார்.

“நீங்கதானே சீட்டு வைக்கிறீங்க?”

“ஆமாம்மா.”

“எதுக்குங்க எங்களுக்கு இவ்ளோ பண்றீங்க?”

“எனக்கும் ஒரு அக்கா இருக்காங்கம்மா.”

கொஞ்சம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதார் போல. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். படியில் விழுந்து கம்பி வைத்திருக்கிறார்களாம், வாக்கர் இல்லாமல் அடி எடுத்து வைக்க முடியாதாம். கணவர் கட்டட வேலையில் மேஸ்திரி. மாதக் கடைசியில்தான் விடுவார்கள், பாக்கித் தவணையை மொத்தமாகக் கட்டப் பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். அதுவரை யார் வந்தாலும் கதவைத் திறக்காதே, எதிலும் கையெழுத்துப் போடாதே என்றும் சொல்லியிருக்கிறார். போன் செய்வதுண்டா என்று கேட்டேன்.

“வீட்டுக்கு ஒரு போன்தாங்க. அவர்கிட்ட இருக்கு. காய்கறிக்காரம்மா போன்லேர்ந்து எப்பவாவது பேசுவேன்.”

அக்கறையோடுதான் கேட்டேன். ஆனால் கேட்ட பிறகு அந்தக் காய்கறிக்காரி என் மண்டையைக் குடைய ஆரம்பித்தாள். தினமும் தள்ளுவண்டியோடு அந்த வாசலில் நிற்கிறாள், கம்பி வழியாகக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறாள். அக்கம்பக்கத்தில் விசாரித்ததாக அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டும். அவளிடம் என்ன விசாரிப்பது? அடுத்த உறையில், நிறைய வாங்கி வைத்துக்கொண்டு, ஊருக்குப் போவதாகச் சொல்லிவிடுங்கள், அவள் வாய் சும்மா இருக்காது என்று எழுதினேன். சில நாள் கழித்துத் தெருமுனையில் வண்டியை நிறுத்தி அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அந்தக் கடைசி வீட்டு அக்காவா? ஊருக்குப் போறேன்னாங்களே. கால் சரியாகுற வரைக்கும் சொந்தக்காரங்க வீட்ல இருப்பாங்களாம். பாவம், அங்கயாவது நல்லா பாத்துக்கட்டும்.”

அண்டை அயலில் விசாரித்ததில் வீட்டார் வெளியூர் சென்றுவிட்டதாகத் தெரிகிறது என்று எழுதினேன். அவள் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. வெறும் கொடி, இருட்டுச் சன்னல், நின்றுபோன மீட்டர், தூசி படிந்த படி எல்லாம் படத்தில் தெளிவாக விழுந்தன. பார்க்கப் போனால் நான் குறித்தது அப்போது கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டிருந்தது. ஒரே ஒரு ஆள்தான் இடித்தது.

பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சாமான்கள் களவு போகாமல் இருக்க வீட்டைப் பத்திரப்படுத்துவது என்று அதற்குப் பெயர். பூட்டுக்காரரும் அவருடைய கூட்டாளியும் வந்தார்கள். பூட்டுக்காரர் வயதானவர், வேலையில் கெட்டிக்காரர். முன்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். மில் சத்தத்தில் காதருகே வந்துதான் பேசினார்.

“சார், உள்பக்கம் தாழ் போட்ட மாதிரி இருக்கு. அசையவே மாட்டேங்குது.”

“மழையில கதவு உப்பியிருக்கும்.”

“உள்ள ஏதோ தட்டுப்பட்ட மாதிரியும் கேட்டுச்சு.”

“பூனை. நான் முன்னாடியே பாத்திருக்கேன்.”

“அப்ப அதை வெளிய விட்டுட்டுப் பூட்டலாமே? பாவம் சார்.”

“வந்த வழியில அதுவே போயிடும்.”

அவர் முகம் முழுசாகச் சமாதானமாகவில்லை. கதவை ஓங்கித் தட்டி, “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூப்பிட்டார். காதைக் கதவில் வைத்துக் கேட்டார். பிறகு கூட்டாளியை மில்லுக்கு அனுப்பிக் கொஞ்ச நேரம் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். மில்காரர்களும் நிறுத்தினார்கள். தெருவே அமைதியானது. மறுபடி கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஒரு மூச்சுக்கூட வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு அவர் ஆணியை எடுத்தார். முன்கதவில் கொண்டி மாட்டிப் பெரிய பூட்டுப் போட்டார்கள். பின்கதவின் குறுக்கே பலகை, சன்னல்களுக்கு வெளியே பலகை. தெருவில் இருக்கும் தண்ணீர்க் குழாயின் திருகை மூடினார்கள், மின்சார ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார்கள். ஒரு சாவியை ஆபீசுக்கென்று வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் கொடுத்தார்கள்.

சாயங்காலம் நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் மனம் கேட்கவில்லை.

“ஐயா, நீங்கதானே? ஷூ சத்தம் தெரியுது.” கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார் போல, குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. “அவங்க போயிட்டாங்களா? கதவைத் திறக்கப் பாத்தேன், அசைய மாட்டேங்குது. ஒரே இருட்டா இருக்கு. குழாய்ல தண்ணியும் வரல.”

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. திறந்திருக்கலாம். திறந்தால் ஒரு பெண் வாக்கரை ஊன்றிக்கொண்டு வெளியே வருவார். காலி என்று ஆபீஸ் ஒத்துக்கொண்டுவிட்ட வீட்டிலிருந்து வருவார். அவர் கையில் என் உறைகள் இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது, சார். நாளைக்கு யோசித்து ஒரு வழி செய்யலாம் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் நம்பிக்கை கொடுத்த மாதிரி ஆகிவிடும் இல்லையா?

மறுநாள் பதவி உயர்வு வந்துவிட்டது. அக்கா அழுதுவிட்டாள், அத்தான் முதன்முதலாகக் கேலி செய்யாமல் கைகொடுத்தார். எல்லாரும் கூடியிருந்த நேரத்தில் எப்படிக் கிளம்புவது? அதற்கு அடுத்த மாலை போனேன். என் பெயர் தெரியாததால் உள்ளேயிருந்து ஐயா, ஐயா என்றுதான் கூப்பிட்டார். குரல் மிகவும் இறங்கிப்போயிருந்தது. வாளியில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார். தண்ணீர் எங்கள் பிரிவின் கீழ் வராது. சாவியை வெளியே எடுத்தேன், பூட்டின் மேல்கூட வைத்தேன். தெருமுனையில் யாரோ சைக்கிளில் திரும்பினார்கள். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பெரிய வட்டாரம் கொடுத்துவிட்டார்கள், அந்தத் தெருப்பக்கம் வேலை விழவில்லை.

கணவர் மாதக் கடைசியில் வந்து பூட்டை உடைத்தது, உள்ளே கிடந்த உடலைப் பார்த்தது, பணப்பையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டது எல்லாம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்கு அவர் மேல் ஒரு வருத்தம் உண்டு. நடக்க முடியாத மனைவியைத் தனியாக விட்டுவிட்டு இருக்கிற ஒரே போனையும் கொண்டுபோகிறவரை என்ன சொல்வது? ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது இங்கேவரை கேட்கிறது. “அவ ஏன் கத்தல? ரெண்டு பேர் வாசல்ல நின்னு கூப்பிட்டிருக்காங்க. ஒரு குரல் குடுத்திருந்தா போதுமே.” பூட்டுக்காரரும் அதையேதான் சொல்லி அழுதாராம். நீங்களும் அதைக் கேட்கத்தான் என்னை இத்தனை நேரம் பேசவிட்டீர்கள். அந்த அம்மாவின் தலையணைக்கடியில் இருந்த கடைசி உறையை இந்த மேசைமேல் குப்புறப் போட்டு வைத்திருக்கிறீர்கள். திருப்ப வேண்டாம், எனக்கு அது மனப்பாடம்.

அம்மா, நாளைக் காலை இரண்டு பேர் வருவார்கள். கதவைத் தட்டுவார்கள், யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுவார்கள், ஆணி அடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் சத்தம் காட்டாமல் இருந்தால் அவர்கள் போய்விடுவார்கள்.

ஆமாம், நான் எழுதியதுதான். ஆனால் நன்றாகப் பாருங்கள், சார், அதில் ஒரு வரி பொய் இல்லை. அவர் சத்தம் காட்டவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.